இரண்டு ரோனான்களுக்கு நடுவே

எங்கள் க்ளூன்தாரா மடத்தில் என்னைவிட அழகாகப் புத்தகங்களைப் பிரதி எழுதுகிறவர்கள் நாலு பேர் இருந்தார்கள். என்னைவிட வேகமாக எழுதுகிறவன் ஒருவனும் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வதாக நினைக்க வேண்டாம். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் நான் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஊரே சொல்ல ஆரம்பித்துவிட்டது. வேதத்தில் உள்ள சங்கீதப் புத்தகம் மொத்தத்தையும் ஒரே தவக்காலத்தின் நாற்பது நாளுக்குள் எழுதி முடித்தவன் நான். பசித்தால் கை ஓடும் என்பது என் சித்தாந்தம். சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும் என்று ஒரு காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள், வேகம் தானாக வரும்.

அந்த வேகம் ஒரு தாயைப் பன்னிரண்டு வருஷம் பட்டினி போட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன். எதையும் சிரிப்பாகச் சொல்லியே பழகிவிட்டது. நடுவில் இளித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் நோய் வந்த வருஷம் மடத்தில் அறுபத்துமூன்று பேர் இருந்தோம். நாற்பத்தொரு பேர் போனார்கள். அப்போதிருந்த மடத்துத் தலைவர், அன்றன்றைக்குப் போனவர்களின் பெயரைக் கையில் கிடைத்த தோல் துண்டுகளில் குறித்துக்கொண்டே வந்தார். நாற்பது பெயர் எழுதிவிட்டு அவரும் படுத்தார். நாற்பத்தொன்றாவதாக அவர் பெயரை எழுதியது நான்.

இலையுதிர்காலம் வந்ததும், அந்தத் துண்டுகளைப் பார்த்து பலிபீடத்தில் வைக்க ஒரு நல்ல பிரதி எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஒரே பகலில் எழுதினேன். அன்று மார்ட்டின் திருநாள். சமையற்கட்டில் பன்றி வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனையில் என் இறகு எப்படிப் பறந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். பழைய துண்டுகளைச் சுருட்டி, புத்தகங்களைப் போட்டு ஆணியில் மாட்டும் தோல் பைகளில் ஏதோ ஒன்றின் அடியில் திணித்துவிட்டு ஓடினேன்.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. மடத்தை நிறுவியவரின் நினைவுநாளில், கோடையில், பூசை நடுவே கோயில் வாசலுக்கு வந்து, இறந்த சகோதரர்களின் பெயர்களை ஒன்று விடாமல் உரக்க வாசிப்போம். உள்வேலிக்கு வெளியே கல் சிலுவையைச் சுற்றி ஊர் ஜனங்கள் நிற்பார்கள். தன் வீட்டுப் பெயர் வந்ததும் ஆண்கள் மார்பில் தட்டிக்கொள்வார்கள், பெண்கள் ஒரே ஒரு தடவை குரலெடுத்து அழுவார்கள். பிறகு எல்லாருக்கும் ரொட்டி, தயிர், மோர். பாதி துக்கம், பாதி திருவிழா. ஒன்று மட்டும் எல்லாருக்கும் தெரியும். துறவு சபதத்தை உடைத்து, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனமும் செய்யாமல் செத்தவன் பெயர் அந்த வரிசையில் ஏறாது. எங்கள் பக்கத்தில் மாடு மேய்க்கிறவனைக் கேட்டாலும் சொல்வான்.

அந்தக் கூட்டத்தில் வருஷா வருஷம் ஒரு பெண் வருவாள். ஒல்லி, சாம்பல் நிறப் போர்வை. வாசிக்கும்போது அழமாட்டாள். முடிந்த பிறகும், எல்லாரும் ரொட்டிப் பக்கம் ஓடிய பிறகும், அங்கேயே நிற்பாள். பிறகு எதையும் தொடாமல் போய்விடுவாள். 'நாரை' என்று அவளுக்குப் பெயர் வைத்தவன் நான்தான். "என்ன மீனுக்கு நிக்குதோ" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். ஒரு வருஷம் ஒரு கிண்ணம் தயிரை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"சாப்புடும்மா. வேண்டாம்னா நான் சாப்புட்டுருவேன், அப்புறம் அழக்கூடாது."

"நீங்களே சாப்புடுங்க சாமி. இன்னிக்கு எனக்கு ஒருசந்தி விரதம்."

"திருநாள்ல யாரும்மா ஒருசந்தி இருப்பாங்க?"

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள். நான் தயிரைச் சாப்பிட்டேன்.

பதின்மூன்றாவது வருஷம் என் பிரதியின் ஓரத்தை எலி தின்றுவிட்டது. நோய்க்குப் பிறகு வடக்கேயிருந்து வந்த புதுத் தலைவர் எர்னான், புதுப் பிரதி எழுதும் வேலையை எட்பர்ட்டிடம் கொடுத்தார். எட்பர்ட் சாக்ஸன்காரன், முப்பது வயது, கடல் தாண்டிப் படிக்க வந்தவன். வருகிறவர்களுக்கு நாங்கள் சாப்பாட்டையும் புத்தகத்தையும் சும்மாவே தருவோம். அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. எங்கள் பாஷையை ஏட்டில் படித்துவிட்டு வந்தவன் என்பதால், மோர் கேட்டாலும் பிரசங்கம் மாதிரி இருக்கும். ஒரு வரி எழுதினால் மூன்று தடவை சரிபார்ப்பான். அவனைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும்.

நினைவுநாளுக்கு நாலு நாள் முன்பு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஐயா, தங்களிடம் ஒன்று வினவலாமா?"

"வினவு, வினவு. மணி அடிக்கறதுக்குள்ள வினவி முடிச்சுரு."

"புத்தகப் பை ஒன்றின் அடியில் பழைய துண்டுகள் கிடைத்தன. அவற்றில் நாற்பத்தொரு பெயர்கள். தங்கள் பிரதியில் நாற்பது."

"உனக்கு எண்ணத் தெரியலப்பா."

"மூன்று முறை எண்ணினேன்."

"அதான் தப்பு. நான் ஒரு தடவையோட நிறுத்திக்குவேன்."

அவன் சிரிக்கவில்லை. இரண்டையும் என் முன்னால் விரித்து, பழைய துண்டில் விரலை வைத்தான். ஆலைக்கார ரோனான். அடுத்த வரி: டிம்மா, லஸ்ஸரின் மகன். அதற்கடுத்த வரி: குட்டை ரோனான். என் பிரதியில் ஆலைக்கார ரோனானை ஒட்டிக் குட்டை ரோனான் நின்றான்.

நடந்தது விளங்கிவிட்டது. முதல் ரோனானை எழுதிவிட்டு இறகை மையில் தோய்த்திருக்கிறேன். திரும்பி வந்த கண், விட்ட இடத்தில் இருந்த ரோனானைத் தேடி, இன்னொரு ரோனான்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. எழுத்துவேலை செய்கிற எல்லாருக்கும் நடப்பதுதான். அதற்காகத்தான் எட்பர்ட் மாதிரி ஆட்கள் மூன்று தடவை பார்க்கிறார்கள்.

டிம்மா நாங்கள் எழுதுவதற்குக் கன்றுத்தோல் பதப்படுத்திக் கொடுத்தவன். நோய் வந்தபோது குழி வெட்ட ஆள் இல்லாமல் போக, அவன்தான் வெட்டினான். முப்பதுக்கு மேல் வெட்டியிருப்பான். அவன் படுத்தபோது பழைய தலைவர் அவன் தலையைத் தன் மடியில் வைத்து, கடைசி எண்ணெய் பூசி, நற்கருணை கொடுத்து அனுப்பினார். யார் பெயர் விட்டாலும் அவன் பெயர் விடக்கூடாது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. பன்னிரண்டு நினைவுநாளிலும் நான் வாசலில் நின்று முழு வரிசையையும் கேட்டிருக்கிறேன். டிம்மா பெயர் வரவில்லையே என்று ஒரு வருஷம்கூடத் தோன்றவில்லை. பெயர்கள் வாசிக்கிற நேரத்தில் நான் தயிரை நினைத்துக்கொண்டிருப்பேன். அவனைத் தெரிந்த மற்றவர்கள் பெரும்பாலும் அந்த வரிசையிலேயே இருந்தார்கள்.

தலைவர் எர்னானிடம் போய் முழங்காலிட்டேன். அவர் பரிகாரப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பூசைக் கிண்ணத்தைச் சிந்தினால் இத்தனை நாள், சங்கீதம் பாடும்போது தூங்கினால் இத்தனை நாள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அதில் முக்கால்வாசியை நான் அனுபவித்துமிருக்கிறேன்.

"உயிரோட இருக்கறவனக் கொன்னா என்னன்னு இருக்கு," என்றார். "செத்தவனக் கொன்னா என்னன்னு இல்லையேடா, பிரெசல்."

"ஓரத்துல எழுதிச் சேத்துரலாங்களா, ஐயா?"

"வாய மூடு." அவர் புத்தகத்தையும் மூடினார். "புதனும் வெள்ளியும் ரொட்டி, தண்ணி. பன்னண்டு வருஷம். இந்தத் தடவை பேர் வாசிக்கறது நீதான். அந்த லஸ்ஸர்ங்கறவ இருக்காளா, செத்தாளா?"

"தெரியாதுங்க."

"அவனோட அம்மா பேராச்சே. விசாரிக்கலியா?"

பன்னிரண்டு வருஷத்தில் அது எனக்குத் தோன்றியிருந்தால் நான் வேறு ஆள்.

நினைவுநாளன்று தூறல். வாசலில் நின்று வாசித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எதையும் வாசித்ததில்லை. ஆலைக்கார ரோனான். டிம்மா, லஸ்ஸரின் மகன். சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். கல் சிலுவைப் பக்கம் நாரை, நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்குக் குட்டை ரோனான் பெயர் வாயில் வரவில்லை. எட்பர்ட் பின்னாலிருந்து மெல்ல எடுத்துக் கொடுத்தான்.

பூசை முடிந்ததும் அவளே வேலியருகில் வந்தாள்.

"சாமி, நீங்கதான வாசிச்சீங்க? இன்னொருக்கா சொல்லுங்க."

"டிம்மா, லஸ்ஸரின் மகன்."

"நாந்தான் லஸ்ஸர்." முகமெல்லாம் சிரிப்பு. வாயில் இரண்டு பல்தான் இருந்தது. "பலிச்சிருச்சு சாமி! புள்ள அந்த நெருப்புலேருந்து வெளிய வந்துட்டான்."

"என்னம்மா பலிச்சுது?"

"நோயில போயிட்டான்னு கேள்விப்பட்டு மொத வருஷம் வந்தேன். எல்லாப் பேரும் வந்துச்சு, இவன் பேரு வரல. என்னமோ பண்ணிட்டான்னு புரிஞ்சிருச்சு. வாசல்ல வந்து கேட்டா நாலு பேருக்குத் தெரியும், அவனுக்குத்தான அசிங்கம்? எங்க பக்கத்துத் தீவுல ஒரு தவசி இருக்காரு. செத்தவனுக்காக உசுரோட இருக்கறவங்க பரிகாரம் பண்ணலாம்னாரு. வாரத்துல மூணு நாள் ரொட்டி, தண்ணி. வருஷத்துக்கு மூணு தவக்காலம். குளிர்ல ஆத்துல முட்டியளவு நின்னு, கைய சிலுவையா விரிச்சு நூறு பரமண்டல மந்திரம். பல்லு போச்சு, முட்டி போச்சு. போனா போவுது. இன்னிக்குப் பேரு வந்துருச்சு பாருங்க!"

பேசாமல் இருந்திருக்கலாம். "ஆமாம்மா, பலிச்சிருச்சு" என்று ஒரு வார்த்தை. அவள் ரொட்டி சாப்பிட்டுவிட்டு மூன்று நாள் நடை நடந்து சந்தோஷமாக வீடு போயிருப்பாள். பன்னிரண்டு வருஷமும் வீணாகியிருக்காது. நானும் தப்பித்திருப்பேன். வாயைத் திறந்தேன் என்றுகூட நினைக்கிறேன். அதற்குள் அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"ஒண்ணே ஒண்ணு. என்ன பண்ணான் சாமி? இப்பத்தான் மன்னிச்சாச்சே, சொல்லலாம்ல? திருடினானா? பொம்பள சமாச்சாரமா? யாரையாவது வெட்டிட்டானா? ஒவ்வொண்ணா அவன் மேல போட்டுப் பாத்துட்டேன். எதுவானாலும் பரவால்ல. எம்புள்ளதான்."

பொய் சொல்ல எனக்கு நன்றாக வரும். ஆனால் முப்பது குழி வெட்டியவன்மேல் எந்தப் பாவத்தைப் போடுவது? பூசைக் கிண்ணத்தைச் சிந்தினான் என்று சின்னதாக ஒன்றைச் சொல்லியிருக்கலாமோ என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

"அவன் ஒண்ணும் பண்ணலம்மா," என்றேன். "பண்ணது நான். பேர எழுதறப்ப ஒரு வரி தாண்டிட்டேன்."

சிரித்தாள். "விளையாடாதீங்க சாமி. நீங்க சிரிக்க வைக்கிற சாமின்னு எங்கூரு வரைக்கும் தெரியும்."

அறுபது வருஷமாக நான் சம்பாதித்த பேர் அது. உள்ளே ஓடி, பழைய துண்டையும் எலி தின்ற என் பிரதியையும் எடுத்து வந்தேன். பெண்கள் உள்வேலி தாண்டக் கூடாது. அதனால் வேலிக்கு மேலேயே இரண்டையும் தூறல் படாமல் என் போர்வைக்குள் பிடித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது. அவள் விரலைப் பிடித்து முதல் ரோனான்மேல் வைத்தேன், பிறகு டிம்மாமேல், பிறகு இரண்டாவது ரோனான்மேல். அப்புறம் என் பிரதியில் அதே விரலை இரண்டு ரோனான்களுக்கும் நடுவில் வைத்தேன். ஒரு பார்லி மணி அகலம் இருக்கும்.

"இங்கயா?"

"ஆமாம்மா."

"இவ்ளோதானா எடம்?"

விரலை எடுக்கவே இல்லை. அவன் எப்படிச் செத்தான் என்று சொன்னேன். குழிகள், தலைவரின் மடி, எண்ணெய், எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தாள். சிரிப்பு எப்போது போயிற்று என்று நான் கவனிக்கவில்லை.

"அப்ப ஒண்ணுமே பண்ணல."

"ஒண்ணுமே பண்ணல."

"நான் அவனத் திருடன்னு நெனச்சேன்," என்றாள். "பொம்பளப் பொறுக்கின்னு நெனச்சேன். ஒரு வருஷம் முழுக்க, எவனையோ கொன்னுட்டான்னே நெனச்சேன். பெத்தவ. இதுக்கு யாரு சாமி ஒருசந்தி இருக்கறது?"

"நான் இருக்கேம்மா."

என் வயிற்றைப் பார்த்தாள். "உங்களால ஆவாது."

திட்டினால் தேவலை என்றிருந்தது. திட்டவில்லை. போர்வையைச் சரிசெய்துகொண்டு சிலுவையின் படிக்கல்லில் உட்கார்ந்தாள்.

"பத்தொம்பது வயசுல இங்க வந்தான். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது. இங்க எப்படி இருந்தான்? அதச் சொல்லுங்க."

வேலியைத் தாண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன்மேல் எப்போதும் தோல் ஊறப்போடும் சுண்ணாம்பு நாற்றம் அடிக்கும், அதனால் சாப்பிடும்போது யாருக்கும் தொந்தரவில்லாமல் பெஞ்சின் கடைசியில் போய் உட்காருவான் என்றேன். தோலை வெயிலில் தூக்கிப் பிடித்து நரம்புகளைப் பார்த்து, "இது ஓடற கன்னுக்குட்டி, இது சோம்பேறி" என்பான் என்றேன். "மெதுவா எழுதுங்கண்ணே, தோலுக்கு வலிக்கும்" என்று ஒருநாள் என்னிடமே சொன்னான் என்றேன். இடி இடித்தால் வேலையை விட்டுவிட்டு எழுத்துக் குடிசைக்கு வந்துவிடுவான், ஏதோ கேட்க வந்தவன் மாதிரி நிற்பான், இடி நின்றதும் போய்விடுவான் என்றேன்.

"இடின்னா பயம்," என்றாள். "சின்னதுலேருந்தே." பிறகு, "வேற?"

யோசித்தேன். பத்து வருஷம் ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டிருக்கிறோம். அவன் தோலில்தான் என் எழுத்து அத்தனையும். நாலே நாலு விஷயம்தான் இருந்தது.

"வேற?"

கதை கட்டுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த இடத்தில் பத்துக் கதை கட்டியிருப்பேன், அவளுக்கும் பிடித்திருக்கும். ஒன்றுகூடக் கட்டவில்லை.

"யோசிச்சு வைக்கிறேம்மா. அடுத்த வருஷம் வாங்க."

ஒரு துண்டு ரொட்டி எடுத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை. துணி முனையில் முடிந்துகொண்டு, தூறலில் கிழக்கே நடந்தாள்.

அந்த வருஷம் பூராவும் நான் ஆள் ஆளாகப் பிடித்து விசாரித்தேன். நோய் விட்டுவைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கொல்லன் ஒன்று சொன்னான்: டிம்மா கத்தி தீட்டக் கொண்டுவந்தால், தீட்டி முடிகிற வரை சும்மா நிற்காமல் தானே துருத்தி ஊதுவானாம். அதை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தாள். சொன்னேன். "துருத்தியா!" என்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அதற்கடுத்த வருஷம் ஊரில் மாவரைத்தவனின் விதவையிடம் ஒன்று கிடைத்தது. வருஷத்துக்கு ஒன்று. இரண்டு கிடைத்தால் ஒன்றைப் பதுக்கி வைப்பேன். பூசைக்காகக்கூட அவள் வரவில்லை என்று எனக்குச் சந்தேகம், நேரே என்னிடம் வந்து, "என்ன வச்சிருக்கீங்க?" என்பாள்.

ஆனால் இளைத்துக்கொண்டே வந்தாள். நாலாவது வருஷம் கேட்டேன்.

"இன்னுமாம்மா ஆத்துல நிக்கறீங்க? அவனுக்குத்தான் தேவையில்லையே."

"அவனுக்கில்ல," என்றாள்.

"நான்தான் புதனும் வெள்ளியும் இருக்கேனேம்மா. கொஞ்சம் இளைச்சிருக்கேன், பாருங்க."

பார்த்தாள். "எங்க?" என்றாள். அன்றைக்கு இருவரும் கொஞ்சம் சிரித்தோம்.

ஏழாவது வருஷம் வரவில்லை. நான் வாசலில் நின்று ஆலைக்கார ரோனானைச் சொன்னேன், டிம்மாவைச் சொன்னேன், சிலுவைப் பக்கம் பார்த்தேன். எட்பர்ட் எடுத்துக் கொடுக்காமலே குட்டை ரோனானையும் சொன்னேன். பூசை முடிந்ததும் அவள் ஊர்க்காரி ஒருத்தி வந்து சொன்னாள். கோடைக்கு முந்தைய தவக்காலத்தில், ஆற்றில் நின்றவள் கரையேறவில்லை. கைகளை மடக்க முடியாமல் அப்படியே தூக்கி வந்தார்களாம். அன்று மாலையே உயிர் போய்விட்டதாம்.

அந்த வருஷத்துக்கு நான் ஒன்று வைத்திருந்தேன். மாட்டுக்காரக் கிழவன் சொன்னது. தோலுக்காகக் கன்று அறுக்கிற நாளில் டிம்மாவால் அங்கே நிற்க முடியாதாம். ஆற்றங்கரைக்குப் போய், சத்தம் காதில் விழாதபடி, தொண்டை கிழியப் பாடுவானாம். பாடவே வராதாம். கன்று பரவாயில்லை, இவனை யாராவது நிறுத்துங்கள் என்று அறுக்கிறவர்கள் கத்துவார்களாம். எல்லாம் முடிந்ததும் ஒருவன் போய்த் தோளில் தட்டுவானாம், திரும்பி வந்து தோலை வாங்கிக்கொள்வானாம்.

அவள் நிச்சயம் சிரித்திருப்பாள்.